பச்சைக்கு ஒரு முடிச்சு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன நர்சரி பள்ளியில் தொடங்கியது இது. காலையிலிருந்தே கோயில் பக்கம் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் யாருக்கும் பாடத்தில் மனசில்லை. கத்திக் கத்தி எனக்கும் தொண்டை போயிருந்தது. சரி, இன்றைக்கு எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், நிறம் கலந்து விளையாடலாம் என்று முடிவு செய்தேன்.

யு.கே.ஜி. வகுப்புக்கு நான்தான் மிஸ். என் மகனும் அப்போது அந்த வகுப்பில்தான் இருந்தான். மிஸ் பிள்ளை என்று அவனுக்குச் சலுகை எதுவும் கிடையாது. சொல்லப்போனால் வகுப்பிலேயே அவனுக்குத்தான் திட்டு அதிகம். வீட்டுக்கு வந்து அதற்கும் சேர்த்து என் மடியில் படுத்துக்கொள்வான்.

நிறம் கலப்பதைச் சொல்லித்தரப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. பரணில் கிடந்த பழைய இட்லித் தட்டுகளைக் கொண்டு போயிருந்தேன். மூன்று குழிகளில் மஞ்சள், நீலம், சிவப்பு என்று போஸ்டர் கலரை நீர்க்கக் கரைத்து ஊற்றி, மற்றக் குழிகளைக் காலியாக விட்டு, ஆளுக்கொரு இங்க் ஃபில்லரைக் கையில் கொடுத்தால் போதும். காலிக் குழியில் மஞ்சளைச் சொட்டி, அதன் மேல் நீலத்தைச் சொட்டினால் பச்சை வரும் என்று நாம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர்களே சொட்டி, அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பச்சை வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இந்த விளையாட்டின் மேல் எனக்கு இருக்கிற கிறுக்குக்குக் காரணம் என் அண்ணன். அவர் இப்போது இல்லை. என்னை விட எட்டு, ஒன்பது வயது மூத்தவர்.

எங்கள் அப்பா பட்டு நெசவாளி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்றால் தறியில் ஒருவர் உட்கார்ந்தால் போதாது. கரை இழையைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை வாங்கித் திருப்பி அனுப்பப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு அண்ணன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். பட்டு இழை சுற்றிய சின்னக் குழலை நாங்கள் தார் என்போம். அதை நாடாவுக்குள் பொருத்துவதும், இழை தீர்ந்ததும் வேறு தார் மாற்றுவதும் அண்ணன் வேலை.

நான் அப்போது பள்ளிக்கூடம் போகாத வாண்டு. தறிக்குப் பக்கத்தில்தான் என் ராஜ்யம். அண்ணன் கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

"பாப்பா, இது இன்னா கலரு, சொல்லு பாக்கலாம்?"

"பச்சை!"

"சபாஷ்!" என்று என் வாயில் நாலு பொட்டுக்கடலையைப் போடுவார். தார் அவருக்கு வலது பக்கம் போகும். அடுத்ததை எடுத்து, "இது?" என்பார். "சேப்பு!" மறுபடி சபாஷ், மறுபடி பொட்டுக்கடலை. அது இடது பக்கம் போகும். நாள் முழுக்க இதே விளையாட்டுதான். சட்டைப் பையில் பொட்டுக்கடலை இல்லாமல் அவர் தறிக்கு வந்ததே இல்லை. "வாத்தியாரு தங்கச்சிக்குப் பாடம் நடத்துறாரு" என்று அம்மா கிண்டல் செய்வார். நானும் தெருவில் போகிற வருகிற பெண்களின் புடவை நிறத்தையெல்லாம் சொல்லிக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வேன். பிற்பாடு இந்த வேலைக்கு வந்த பிறகு, எனக்கு முதல் டீச்சர் எங்கள் அண்ணன்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். அன்றைக்கு ஆடி வெள்ளி என்பதால், அம்மன் கையில் இருக்கிற கிளியைச் செய்வதாகப் பேச்சு. அவரவர் கலந்த பச்சையைப் பஞ்சால் தொட்டு உள்ளங்கையில் பூசி, காகிதத்தில் அழுத்தினால் கிளியின் உடம்பு. ஒரு விரலைச் சிவப்பில் தோய்த்து வைத்தால் மூக்கு. வகுப்பே அமளிதுமளி. மூக்கு வைத்த விரலைக் கழுவாமல் பச்சைக்குள் விட்டு, சிலருடைய தட்டுகளில் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு வந்துவிட்டது. வரட்டும், சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று அதையும் பாடமாக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெண் குழந்தை வந்து என் முந்தானையை இழுத்தாள்.

"மிஸ், இவன் கிளிக்கு சேறு பூசிக்கினு இருக்கான் மிஸ்."

அவள் சொன்னது என் மகனைத்தான். அவனுடைய காகிதத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கை பதிந்திருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அழகான பச்சையில் ஒரு விரல். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "பச்சைக் கிளிம்மா! நல்லா இருக்குதா?" என்று கேட்டான். பள்ளியில் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதைச் சந்தோஷத்தில் மறந்திருந்தான்.

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. குறும்பு செய்கிறான் என்று நினைத்து, "எங்கே, பச்சை இருக்குற குழியைத் தொட்டுக் காட்டு" என்றேன். பழுப்பைத் தொட்டான். "நல்லாப் பாரு" என்றேன்.

அவன் தட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்துக்கொண்டே விரலைக் குழி குழியாக நகர்த்தினான். எந்தக் குழிக்கு வரும்போது என் முகம் மாறுகிறது என்று தேடினான். அந்தத் தந்திரம் ஒரு சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பல தடவை செய்து பழகியிருந்தால்தானே தெரியும்? என் சிரிப்பு நின்றுபோயிற்று.

அன்று சாயங்காலம் அவனுடைய க்ரேயான் டப்பாவை எடுத்தேன். எதை எடுத்தாலும் அதே இடத்தில்தான் திரும்ப வைப்பான். யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் ஒரே அழுகை. என் பிள்ளைக்கு எவ்வளவு ஒழுங்கு என்று நான் மற்ற மிஸ்களிடம் பீற்றிக்கொண்ட டப்பா அது. எல்லாவற்றையும் பாயில் கொட்டிக் கலைத்துவிட்டு, "பச்சையை எடு தங்கம்" என்றேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு மண் நிறத்தை எடுத்து நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை, அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டரம்மா ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கலர் கலரான புள்ளிகளால் ஆன வட்டம். அதற்குள் ஒளிந்திருந்த எண்கள் எனக்குப் பளிச்சென்று தெரிந்தன. என் மகன், "வெறும் புள்ளிதான் இருக்குது டாக்டர்" என்றான். எல்லாப் பக்கத்துக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

"பயப்படாதீங்கம்மா. பார்வை நல்லாவே இருக்குது" என்றார் டாக்டரம்மா. "சிவப்பும் பச்சையும் மட்டும் இவனுக்குப் பிரிஞ்சு தெரியாது. பொறவியிலயே வர்றது. மருந்து கிடையாது. ஸ்கூல்ல சொல்லி வச்சிடுங்க, அதுபோதும்."

ஸ்கூலே நான்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "பசங்களுக்கு இது பெரும்பாலும் அம்மா வழியாத்தான் வரும். உங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது இருந்துச்சா?"

"ஒரே அண்ணன்தான் டாக்டர். இப்ப இல்ல. அவருக்கு இதெல்லாம் கிடையாது, எனக்கே அவர்தான் கலரெல்லாம்..."

அண்ணன் எனக்கு எப்போது சொல்லிக் கொடுத்தார்? இது பச்சை, இது சிவப்பு என்று ஒரு தடவையாவது அவர் வாயால் சொல்லி நான் கேட்டிருக்கிறேனா? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒன்று நினைவுக்கு வரவில்லை. நிறத்தின் பெயரையெல்லாம் அம்மா சொல்லித் தந்திருப்பார், தெருப் பெண்கள் சொல்லித் தந்திருப்பார்கள். அண்ணன் கேட்க மட்டும்தான் செய்தார். நான் சொன்ன எதையும் அவர் தப்பு என்று சொன்னதே இல்லை. நான் வாய் திறந்த பிறகுதான் தார் வலது பக்கமோ இடது பக்கமோ போகும். அண்ணன் எனக்குப் பாடம் நடத்தவில்லை. தெரியாமல் கேட்டிருக்கிறார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா அழுவுற? ஊசி எனக்குத்தானே போடுவாங்க?" என்று கேட்டான் என் மகன். ஊசியெல்லாம் கிடையாது என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். பெஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டான். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

அண்ணன் வீட்டை விட்டுப் போன கதையை இப்போது சொல்லியாக வேண்டும். நான் பள்ளியில் சேர்வதற்கு முந்தின வருடம், ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. தாமலில் இருந்த அத்தை வந்து, ஏரி ரொம்பி வழியுது, பாப்பா வந்து பார்க்கட்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். போன இடத்தில் சில நாள் தங்கிவிட்டேன். அத்தை எடுத்துக் கொடுத்த புதுப் பாவாடையோடு வீட்டுக்குத் திரும்பியதும் நேரே தறிக்கு ஓடினேன். பாவாடை இன்னா கலரு என்று அண்ணன் கேட்பார், சொல்லிப் பொட்டுக்கடலை வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு அவசரம். தறியில் அண்ணன் இல்லை.

நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கல்யாணப் புடவை தறியில் இருந்திருக்கிறது. உடல் அரக்குச் சிவப்பு, கரை பச்சை. மழை மூட்டத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை, கரண்டும் இல்லை. கரைக்குப் பச்சைத் தார் போட வேண்டிய இடத்தில் அண்ணன் சிவப்பைப் போட்டிருக்கிறார். நீளவாக்கில் ஓடிய இழை பச்சை, குறுக்கே போன இழை சிவப்பு. இரண்டும் கலந்து கரையே பழுப்படித்துவிட்டது. அந்த இருட்டில் அப்பாவுக்கும் தெரியவில்லை. மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தபோது ஒரு முழத்துக்கு மேல் பாழாகிக் கிடந்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் பிரித்து நெய்யவும் நாள் இல்லை. அந்தப் பழுப்பைத்தான் நான் என் மகனின் உள்ளங்கையில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்பும் ஒன்றிரண்டு தடவை இப்படி ஆகி அண்ணன் திட்டு வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை அடி. தெருவே வந்து தடுத்ததாம். அடியை விட அப்பா கேட்டதுதான் மோசம் என்று அம்மா சொல்வார். "உன்னுது கண்ணா, புண்ணாடா? தெரிஞ்சிக்கினே பண்றியா? என் பொழப்பைக் கெடுக்கணும்னே உக்காந்துக்கினு இருக்கியா?" என்று கேட்டாராம். அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலை பால் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை.

சென்னையில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுப் படி ஏறவே இல்லை. வருடத்துக்கு இரண்டொரு தடவை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவார். அம்மாவும் நானும் போய்ப் பார்ப்போம். எப்போது வந்தாலும் வெள்ளைச் சட்டைதான். "மந்திரி வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு சுடிதார் துணி வாங்கி வந்தார். பையிலிருந்து எடுத்து விரித்து, "இது இன்னா கலரு, சொல்லு பாப்பா" என்றார். "இன்னும் நான் வாண்டா? கிளிப் பச்சை" என்றேன். "அப்பாடா, கடைக்காரன் ஏமாத்தல" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் பொட்டுக்கடலை வாங்கிக் கொடுத்தார். அதைத் தமாஷ் என்று நினைத்து எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருடம் காய்ச்சல் என்று அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. கல்யாணமே ஆகாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாதான் கொள்ளி வைத்தார். அப்போதும் அப்பா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "தெரிஞ்சிக்கினே பண்ணான், தெரிஞ்சிக்கினே போனான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்.

தன் கண் அப்படிப்பட்டது என்று அண்ணனுக்குக் கடைசிவரை தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஊருக்கே தெரிகிற ஒன்று தன் மண்டையில் மட்டும் ஏறவில்லை, தான் ஒரு மக்கு என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.

அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். தறியும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டது. இன்னமும் நெய்கிறார். கரை நாடாவுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா வருவார். டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்வதா, வேண்டாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வயசான மனுசன். இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? மிச்ச நாளைக்கு நிம்மதியா சோறு துன்னட்டும், விடு" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அண்ணனுக்கு இனி எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை, அப்பாவின் நிம்மதியையாவது கெடுக்காமல் இருப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அது என் கையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அக்கா சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். அப்பா தனியாகத் தறியில் உட்கார்ந்து ஏதோ சரிசெய்துகொண்டிருந்தார். நான் சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பேரனைக் கூப்பிடுவது காதில் விழுந்தது.

"டேய் கண்ணு, கூடையில பச்சைத் தார் இருக்குது பாரு, எடுத்துக்கினு வா."

கூடையைக் கிளறும் சத்தம் கேட்டது. "இது சேப்புடா. பச்சை எடுடா" என்றார் அப்பா. மறுபடி கிளறும் சத்தம். "இதுவும் சேப்புதான். இன்னாடா, தாத்தாகிட்ட விளையாட்டு காட்டுறியா?" என்றார். கிரைண்டரை நிறுத்திவிட்டு நான் எழுந்திருப்பதற்குள், அடுத்தது வந்துவிட்டது.

"உன்னுது கண்ணா, புண்ணாடா? தெரிஞ்சிக்கினே பண்றியா?"

மாவுக் கையோடு ஓடினேன். என் மகன் ஒரு சிவப்புத் தாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தாரைப் பார்க்கவில்லை. தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடத்தில் அவனை விட உயரமாக, ஒல்லியாக இன்னொரு பையன் நின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

"அவனைத் திட்டாதீங்கப்பா."

"பச்சை கேட்டா சேப்பையே கொண்டாறான்மா. வேணும்னே..."

"வேணும்னு பண்ணலப்பா. அவனுக்கு ரெண்டும் ஒரே கலருதான். டாக்டர்கிட்ட காட்டிட்டேன். பொறவியிலயே அப்படி."

"கண்ணு தெரியலையா?" அப்பா பதறிப்போனார்.

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதுப்பா. சேப்பும் பச்சையும் மட்டும் பிரிஞ்சு தெரியாது."

அப்பா கையை நீட்டிப் பேரனிடமிருந்து தாரை வாங்கினார். அதையே உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணன் பேச்சை நானாக எடுக்கவில்லை. அப்பாதான் கேட்டார்.

"பொறவியிலன்னா, எப்படிமா வருது?"

"அம்மா வழியா வருமாம்பா."

"உன் வழியாவா? உனக்கு?"

"எனக்கும் அம்மா வழியாத்தான்."

அப்பா தாரை மடியில் வைத்தார்.

"அப்ப, பெரியவனுக்கு?"

இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அவர் வாயில் வராத சொல் அது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றேன். பொட்டுக்கடலை விளையாட்டைச் சொன்னேன். "என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் தாரைப் பிரிச்சு வச்சிருக்காருப்பா. அந்த மழையில நான் தாமல்ல இருந்தேன். கேக்கறதுக்கு அவருக்கு ஆளில்ல" என்றேன்.

தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை சொல்லலியே அவன்" என்றார். "அவருக்கே தெரியாதுப்பா" என்றேன். "அடிக்கும்போது கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்லமா" என்றார். பிறகு, நெய்து வைத்திருந்த புடவை மேல் கண்ணீர் பட்டுவிடப் போகிறது என்று துண்டை எடுத்து முதலில் புடவையை மூடிவிட்டு, அப்புறம்தான் அழுதார். மகன் செத்தபோது வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. என்ன நடக்கிறது என்று புரியாமல் என் மகனும் சேர்ந்து அழுதான். நான் இருவரையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது. அப்பா சாப்பிட மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, அப்பா முன்னறையில் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சைத் தாரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, இழைக்குக் கீழே குழலின் அடியில் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என் மகன் தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். தாத்தாவைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்பா கெஞ்சிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் விரலைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்தார்.

"இத்தத் தடவிப் பாரு கண்ணு. முடிச்சு இருந்தா பச்சை. இல்லாட்டி சேப்பு. இனிமே யாரு மூஞ்சியையும் பாத்துக்கினு நிக்க வாணாம், இன்னா?"

என் மகனுக்கு அது புது விளையாட்டாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தாரை எடுத்துத் தடவி, "பச்சை!" என்றான். "சபாஷ்!" என்றார் அப்பா. "சேப்பு!" "சபாஷ்!" இப்படியே அப்பா முன்னால் வைத்த தார்களையெல்லாம் பிரித்து வைத்துவிட்டுக் குதித்துக்கொண்டு பல் தேய்க்க ஓடினான்.

அவன் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த தாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு முடிச்சு போட்டிருந்தா போதும்மா. வேற ஒண்ணும் வாணாம். ஒரே ஒரு முடிச்சு."

பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த பச்சைத் தார்களுக்கு நானும் முடிச்சுப் போட்டேன்.

இப்போது என் மகன் ரெண்டாவது படிக்கிறான். அவனுடைய கலர் பென்சில்களில் பச்சையின் வாலில் மட்டும் ஒரு நூல் கட்டியிருக்கும். அவன் கிளி இப்போது பச்சையாகத்தான் வருகிறது. கிண்டல் செய்பவர்களிடம், "எனக்குக் கையாலயே கலர் தெரியும், உனக்குத் தெரியுமா?" என்று பெருமை வேறு. அப்பா இன்னமும் பச்சைத் தாருக்கு முடிச்சுப் போடுகிறார். பேரன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்திலும் போடுகிறார். கரைக்கு வருகிற அக்காவுக்கு நிறம் நன்றாகவே தெரியும், அவருக்கு முடிச்சு தேவையில்லை. யாருக்காகப் போடுகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.

என் வகுப்புக்கு வருடா வருடம் இட்லித் தட்டு வருகிறது. மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை வரும்போது அதே கூச்சல்தான். எனக்குத்தான் அந்தக் கூச்சலில் பழைய சந்தோஷம் இல்லை. கூச்சல் போடாமல் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற குழந்தை யாராவது இருக்கிறதா என்று கண் தேடுகிறது. முன்பெல்லாம் ஒரு பிள்ளை வந்து, "மிஸ், இது என்ன கலர்?" என்று கேட்டால், நீயே சொல்லு பாக்கலாம் என்று திருப்பிக் கேட்பேன். டீச்சர்களுக்கு அது ஒரு பழக்கம். இப்போது அப்படிக் கேட்பதில்லை. விளையாட்டுக்குக் கேட்கிறதா, தெரியாமல் கேட்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டுப் பதில் சொல்லிவிடுகிறேன். "பச்சை" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதை என் அண்ணனுக்குத்தான் சொல்கிறேன்.